நனையட்டும், ஆனால் காயட்டும்: மேட்டுப்பாத்திப் பலகையைக் காப்பது எப்படி

என் முதல் மேட்டுப்பாத்தியை ஓர் ஆடிப்பட்டத்துக்குப் போட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பின்கட்டில் பத்தடிக்கு எட்டடி காலியிடம். ஐப்பசி பிறந்தால் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாளாவது நிற்கும். அதனால் தரையில் பாத்தி கட்டாமல், நாலு பக்கமும் பலகை அடித்து, உள்ளே மண் நிரப்பி ஓரடி உயர்த்தினேன். சரக்கு வரும் பழைய பேலட் ஒன்றைப் பிரித்து எடுத்த பைன் பலகை. வெளிப்பக்கம் பச்சை எனாமல் பெயின்ட் இரண்டு கோட். பார்க்க ஜோராக இருந்தது.

அடுத்த வருடத்து மழை முடிந்து தை பிறந்தபோது, களை எடுக்கக் குனிந்து பலகை மேல் கையை ஊன்றினேன். கை உள்ளே போனது. வெளியே பெயின்ட் அப்படியே பளபளக்கிறது, அதற்குப் பின்னால் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி மரம். தெருவில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயின்டை நகத்தால் உரித்துப் பார்த்தார்.

“மழையில நனைஞ்சு கெடல தம்பி. காய வுடாம நீங்கதான் மூடி வச்சிருக்கீங்க.”

தோட்டப் பலகையைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். எல்லாரும் கேட்கும் கேள்வி, ‘தண்ணீர் படாமல் இருக்க என்ன பூசலாம்?’ என்பது. பாத்தி என்றாலே தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடம். படாமல் எப்படி இருக்கும்? பட்ட தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐந்து விதமாகக் கெடும்

மரம் கெடுவதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. வெளுத்துப்போச்சு, வெடிச்சுப்போச்சு, இத்துப்போச்சு, உளுத்துப்போச்சு, செல்லரிச்சுப்போச்சு என்று தனித்தனியாகச் சொல்கிறோம். நம் பாட்டிமார்களின் வாயில் இவை ஒன்றுக்கொன்று மாறி வராது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

வெளுப்பது வெயிலின் வேலை. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதை உடைக்கும், மழை கழுவிவிடும், பலகை சாம்பல் நிறமாகும். பயப்பட ஒன்றுமில்லை. இது மேல்தோலோடு நிற்கிற சமாசாரம். பைன் போன்ற மென்மரமே இப்படித் தேய்ந்து அரை சென்டிமீட்டர் குறைய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகும். சாம்பல் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத்தான் பலர் வார்னிஷ் டப்பாவைத் தேடி ஓடுகிறார்கள். நிறமில்லாத வார்னிஷில் கதிர் ஊடுருவிப் போய் அடியில் உள்ள லிக்னினை உடைக்கும். பிடித்துக்கொள்ளக் கீழே ஒன்றும் இல்லாமல் வார்னிஷ் செதில் செதிலாக உரியும்.

வெடிப்பது, ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் வருவது. பலகை நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில்தான் அசையும். மேல்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருந்தால் இழுபறியில் பிளந்துகொள்ளும். பிளவு அழகுக் குறைவு மட்டுமில்லை. அதுதான் தண்ணீர் உள்ளே இறங்கும் வழி.

இத்துப்போவதுதான் பெரிய எதிரி. இது பூஞ்சையின் வேலை. அதன் வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன, தடுக்க முடியாது. அதற்குத் தேவை நாலு: சாப்பாடு, காற்று, கதகதப்பு, ஈரம். சாப்பாடு மரமேதான். கதகதப்புக்குக் கடலூரில் பஞ்சமா? ஆக நம் கையில் இருப்பது ஈரம் ஒன்று. மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தை நெருங்கினால் நார்களெல்லாம் ஊறிப்போய், அதற்குக் கல்யாணச் சாப்பாடு.

ஈரத்தோடு காற்றும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கிணற்றுக்குள் அடியில் போட்ட நெல்லிக்கட்டை தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் ஏன் இத்துப்போவதில்லை? அங்கே காற்று போதாது. வேலிக்கு நட்ட கட்டை எங்கே முறிகிறது? மண்ணுக்கு மேலேயும் இல்லை, ஆழத்திலும் இல்லை. சரியாக மண் மட்டத்தில். ஈரமும் காற்றும் கைகோக்கும் இடம் அதுதான். மேட்டுப்பாத்தியின் பலகையோ, ஒரு பக்கம் முழுக்க ஈர மண், மறுபக்கம் முழுக்கக் காற்று. வேலிக்கட்டைக்கு நாலு விரல் அகலத்தில் உள்ள ஆபத்து, பாத்திப் பலகைக்கு உடம்பெல்லாம்.

உளுப்பது வண்டு. பலகையில் குண்டூசித் துளையும் கீழே மாவு மாதிரி தூளும் தெரியும். மரத்தில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குக் குறி என்பதால், மா, ரப்பர் மரம் போன்ற வெளுத்த கட்டைகளில் அதிகம். செல்லரிப்பது உங்களுக்குத் தெரிந்ததே. மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறி வரும். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டால் குழாய் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும், தட்டிவிடலாம்.

கட்டுமரக்காரர்களும் திண்ணைத் தூணும்

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் பைபர் படகு வந்து நிறைவதற்கு முன்னால் கட்டுமரம்தான். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போட்டுவிடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் மிதக்காது, காயாவிட்டால் கெடும். உப்புத் தண்ணீரிலேயே பிழைப்பு நடத்தியவர்கள் நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காய வைப்பதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

புதுச்சேரிக்குப் போனால் வைசியாள் வீதிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். தாழ்வாரத்து மரத்தூண்களின் அடியைப் பாருங்கள். தூண் நேராகத் தரையில் ஊன்றியிருக்காது. கீழே கல்லோ செங்கல் கட்டுமானமோ வைத்து அதன் மேல் நிற்கும். தரை ஈரம் மரத்துக்குள் ஏறாமலிருக்க ஒரு தடுப்பு. மேலே ஓட்டுச் சாய்ப்பு இரண்டடி வெளியே நீண்டு மழையைத் தள்ளிவிடும். பூச்சு வேலை இதற்கெல்லாம் பிறகுதான். பாத்திக்கும் அதே வரிசைதான்: முதலில் அமைப்பு, இரண்டாவது மரம், மூன்றாவது பூச்சு. நான் தலைகீழாகச் செய்தேன்.

அமைப்பில் என்னென்ன

பாத்தியின் சட்டத்தைத் தரையில் வைக்காதீர்கள். நாலு மூலையிலும், நீளம் நாலடிக்கு மேல் போனால் நடுவிலும், கருங்கல் துண்டோ நன்றாக வெந்த செங்கல்லோ வைத்து இரண்டு அங்குலம் தூக்குங்கள். மண் கீழ்வழியாகச் சரியாமலிருக்க உள்ளே அடியில் சல்லி பரப்பினால் போதும். அந்த இரண்டு அங்குல இடைவெளி வழியாக வடிகிற தண்ணீர் வடியும், காற்று அடிப்பலகையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். கரையான் குழாய் கட்டினால் அங்கேதான் தெரியும்.

அடுத்தது வெட்டுமுனை. மரத்தின் நார்கள் கட்டாகக் கட்டிய உறிஞ்சுகுழல்கள் போன்றவை. பலகையின் முகத்தில் தண்ணீர் மெதுவாக ஊறும். அறுத்த முனையில் குடிக்கும். அதனால்தான் மூலைகளும், பலகையைத் தாங்கி மூலையில் நிற்கும் காலின் தலையும் முதலில் போகின்றன. நிற்கிற காலின் மேல் முனையைச் சமமாக அறுக்காமல் சற்றே சாய்த்து அறுத்தால் தண்ணீர் தேங்காது. சுற்றிலும் மேலே ஒரு பட்டைப் பலகை படுக்கையாக அடித்தால் எல்லா முனையும் மூடிக்கொள்ளும். உட்கார்ந்து களை எடுக்கவும் வசதி.

உள்பக்கம் பாலித்தீன் விரிப்பதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கருத்து, விரிக்கலாம், ஆனால் பொட்டலம் கட்டக் கூடாது. அடியில் விரித்தால் பாத்தி குளமாகிவிடும், செடியின் வேர் அழுகும். பக்கவாட்டுக்கு மட்டும். அதிலும் பலகையோடு ஒட்டி அடித்தால், இடையில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்று, என் பச்சை பெயின்ட் செய்த காரியத்தையே செய்யும். பலகையின் உள்முகத்தில் விரல் கனத்துக்கு ரீப்பர்களை, அதாவது ஒல்லியான மரச்சட்டங்களை, நிமிர்த்தி அடித்து, அவற்றின் மேல் கனத்த ஷீட்டை அடியுங்கள். பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் காற்று போய்வரும். ஷீட்டின் மேல் ஓரத்தை அந்தப் பட்டைப் பலகைக்கு அடியில் சொருகிவிட்டால் மழை உள்ளே இறங்காது. இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் ஷீட்டே வேண்டாம். அரைகுறை ஷீட்டைவிட வெறும் பலகை மேல்.

ஆணி. கடல் காற்று படுகிற ஊரில் சாதா இரும்பு ஆணி இரண்டு மழைக்குத் தாங்காது. துரு வந்தால் ஆணி மட்டும் போவதில்லை, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தேக்கு, கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டு மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. ஸ்க்ரூ குறைந்தபட்சம். கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு, 316 என்ற தரத்தில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 தரத்தைவிட உப்பைத் தாங்கும். ஆணியைவிட ஸ்க்ரூ நல்லதென்பதற்கு இன்னொரு காரணம், ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலடிக்கு இரண்டடி, ஓரடி உயரப் பாத்தி என்றால் எட்டு கன அடி. அதில் தோட்டத்து மண்ணை நிரப்பி மழையில் ஊறவிட்டால் நானூறு கிலோவை நெருங்கும். பலகை இத்துப்போவதைவிடப் பெரிய கவலை அது. தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்து எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், தளம் தாங்குமா என்று கட்டட வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

எந்த மரம்

‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று மனிதர்களைச் சொல்கிறோம். மரத்தில் வைரம் என்பது நடுவில் உள்ள நிறம் கூடிய பகுதி. மரம் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பகுதியில் நீரோட்டம் நின்று, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பிடிக்காத பொருள்கள் சேர்ந்துவிடும். அதைச் சுற்றி வெளிறிய பகுதியில் மாவுச்சத்தும் ஈரமும். தேக்கே ஆனாலும் வெளிறுப் பலகை சீக்கிரம் போகும். ‘தேக்கு வாங்கினேன், ரெண்டே வருசத்துல போச்சு’ என்பவர்கள் பெரும்பாலும் வெளிறை வாங்கி ஏமாந்தவர்கள். பனையில் இது தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே. அகக்காழ், புறக்காழ் என்று பழந்தமிழ் இலக்கணத்திலேயே இந்தப் பிரிவு உண்டு. பனஞ்சட்டம் வாங்கும்போது கறுத்த நார் நெருக்கமாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது சவுக்கு. கடற்கரை மணலில் தோப்பு தோப்பாக நிற்கிறது. பந்தலுக்கும் சாரத்துக்கும் அருமையான கழி, ஆனால் மண்ணைத் தொட்டால் சீக்கிரமே போய்விடும். ஒரு பருவத்துக்குப் பந்தல் கட்டிப் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள், பாத்திக்கு வேண்டாம். பலா வைரம் நல்லது. வீணைக்கே பண்ருட்டிப் பலாவைத்தான் தேடி வருகிறார்கள், பாத்திக்குப் போட மனசு வர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்து பலாவையும் முந்திரியையும் தோப்போடு சாய்த்த பிறகு, விழுந்த மரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விறகாக்கியவர்கள் உண்டு.

என் இரண்டாவது பாத்தி பழைய மரத்தில்தான். வீடு இடிக்கிற இடங்களிலிருந்து வரும் உத்திரம், நிலை, சட்டம் எல்லாம் பழைய மரக்கடையில் கிடைக்கும். ஐம்பது வருடம் காய்ந்த தேக்கு இனிமேல் கோணுவதற்கு ஒன்றுமில்லை. பழைய பெயின்ட் உள்ள சட்டமானால் மட்டும் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் காரீயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் வைக்க வேண்டுமென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளைச் சுவாசிக்காதீர்கள், அந்தப் பலகையில் கீரையும் போடாதீர்கள். ரயில் தண்டவாளத்துப் பழைய கட்டைகளும் வேண்டாம். அவை கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை.

பேலட் வாங்கினால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தது. எம்.பி. என்றால் மெதைல் புரோமைடு புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள். சூடு காட்டியதால் மரம் நீடித்து உழைக்கும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருந்த பூச்சி செத்தது, அவ்வளவுதான். என் முதல் பாத்தியும் எச்.டி. முத்திரையோடுதான் இத்துப்போனது.

பூசுவது

பூச்சில் இரண்டு சாதி. ஒன்று மேலே படலமாக நிற்பது: எனாமல், வார்னிஷ். இன்னொன்று உள்ளே இறங்கி நாருக்குள் உறைவது: எண்ணெய். படலத்தில் ஓர் ஊசித் துளை விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரப் படலம் விடாது. எண்ணெய் தண்ணீரை முழுசாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். ஆவியாக வெளியேற வழி விடும். ஒரு பக்கம் ஈர மண் உள்ள பலகைக்கு எண்ணெய்தான் பொருந்தும்.

எல்லா எண்ணெயும் உறையாது. ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்க வேண்டும், காற்றுப் பட்டால் கெட்டியாகும். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் உறையாதவை. பூச்சியைக் கொஞ்ச நாள் அண்டவிடாது, பிறகு மழையோடு போய்விடும். லின்சீட்டில் பச்சை எண்ணெய், ‘பாயில்டு’ என்று இரண்டு உண்டு. பாயில்டில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். உள்பக்கத்துக்குப் பச்சை எண்ணெயே போதும், காய ஒரு வாரத்துக்கு மேல் விட வேண்டும். ஈரக் காற்றில் இந்த எண்ணெய் மேலே கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். பார்க்க அசிங்கம், மரத்துக்குக் கேடில்லை. துடைத்துவிடுங்கள்.

பூசும் விதம்: முதல் கோட்டுக்கு டர்பன்டைன் பாதி கலந்து நீர்க்க வையுங்கள், ஆழமாக இறங்கும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று பிசினாகும். அது காய்ந்த பிறகு, அதே மாதிரி இன்னும் இரண்டு கோட். வெட்டுமுனைக்கு மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். பலகையைச் சேர்த்து அடிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் பூசிவிட வேண்டும், அடித்த பிறகு மூட்டுக்குள் தூரிகை போகாது.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். இந்த எண்ணெய் காய்வதே காற்றோடு சேர்ந்து சூடாவதால்தான். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போகாமல் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்து ஆள்கள் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சொல்வார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து வருவது, கறுப்பாகத் தார் மாதிரி இருக்கும். மரப்படகுக்குக் காலம் காலமாகப் பூசியது. பூச்சியும் பூஞ்சையும் கிட்டே வராது. ஆனால் கையில் பட்டால் தோல் பொத்துவிடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நான் அதைக் காலின் அடிமுனைக்கும் வெளிப்பக்கத்துக்கும் மட்டும் பூசுகிறேன், மண் படும் முகத்துக்கு அல்ல.

மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலைப் பூசும் வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. வேலிக்கட்டைக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். நாம் சாப்பிடும் கீரை வளரும் மண்ணில் உலோகத் தூளும் புற்று வரவழைக்கும் கரிப்பொருள்களும் இறங்க வேண்டுமா? போராக்ஸ் என்ற போரான் உப்பு வண்டுக்கும் பூஞ்சைக்கும் நல்ல மருந்து, ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஈர மண்ணோடு ஒட்டிய பலகைக்குப் பயனில்லை, மண்ணில் போரான் கூடினால் செடி கருகும். உயர் அழுத்தத்தில் மருந்தேற்றிய பச்சை நிறக் கட்டைகளைப் பார்த்திருக்கலாம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து. 1933இல் இதைக் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசம், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த நம் ஊர் விஞ்ஞானி. கம்பத்துக்கும் பாலத்துக்கும் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆர்சனிக் என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். காய்கறிப் பாத்திக்கு நானும் வாங்க மாட்டேன்.

எப்போது

நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல். அந்த மாதிரி மழைக்கு எந்தப் பூச்சும் பதில் சொல்லாது, அடியில் விட்ட இரண்டு அங்குலம்தான் சொல்லும். மழை முடிந்த கையோடு பூசாதீர்கள். ஊறிய மரத்தின் மேல் எண்ணெய் இறங்காது, ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்தது போலாகிவிடும். மாசி, பங்குனி வரை காயவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலையில் பூசுங்கள். உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் உறைந்து கொப்பளிக்கும்.

அதே சமயத்தில் ஒரு பேனாக்கத்தியோடு பாத்தியைச் சுற்றி வந்து, மூலைகளிலும் மண் மட்டத்திலும் கீழ் ஓரத்திலும் குத்திப் பார்க்கிறேன். நல்ல மரம் கத்தியை எதிர்க்கும். முனை சுலபமாக இறங்கி, எடுக்கும்போது நார் வராமல் பொடிப்பொடியாக வந்தால் அந்த இடம் போய்விட்டது. இந்தப் பங்குனியில் குத்தியபோது மூன்று பக்கம் கெட்டியாக இருந்தது. வடக்குப் பலகையின் கீழ் ஓரம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியது. அந்தப் பக்கம் துணி துவைக்கிற கல், நாள் பூராவும் சோப்புத் தண்ணீர் தெறிக்கிற இடம். ஆறு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை எடுத்தாயிற்று. துவைக்கிற கல்லை நகர்த்தச் சொல்லி வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.